கொடுத்தால் மட்டும் போதுமா? ஒரு பழைய ஆசீர்வாதமும் அதை யூத ரபிகள் வாசித்த விதமும்

ஹட்டனிலிருந்து அரை மணி நேரத் தூரத்திலுள்ள ஒரு தோட்டத்தில், லயன்களுக்கு மேலே தகரக் கூரை போட்ட சின்ன ஆலயம் ஒன்று இருக்கிறது. வேறொரு கட்டுரைக்காகத் தகவல் சேகரிக்கப் போயிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை என்பதால் ஆராதனை முடியட்டும் என்று பின்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். போதகர் கடைசியாக இரண்டு கைகளையும் உயர்த்திய நேரத்தில் ஒரு அம்மா வேகமாகப் படியேறி வந்து வாசலிலேயே நின்றார். இடுப்பில் கட்டிய படங்கை இன்னும் அவிழ்க்கவில்லை. கொழுந்துக் கூடை வெளியே சுவரோரம் இருந்தது. தலையைக் குனிந்து ஆசீர்வாதத்தை வாங்கிக்கொண்டு, ஆமென் சொல்லிவிட்டு, வந்த வேகத்திலேயே வெளியே போனார்.

பின்னால் போய்ப் பேச்சுக் கொடுத்தேன். "கைக்காசுக்குக் கொழுந்து எடுக்கப் போயிட்டேன் புள்ள. பிரசங்கம் கேக்க முடியாட்டியும் கடைசி ஆசீர்வாதத்துக்காவது வந்துரணும்னு ஓடியாந்தேன்" என்றார். சில ஞாயிறுகளில் அதற்கும் வர முடிவதில்லையாம். "மலையில நிக்கிறப்ப மணி அடிக்கிறது கேக்கும். அங்கயே தலையக் குனிஞ்சுக்குவேன். அது நமக்குச் சேருமோ சேராதோ."

போதகரிடம் இதைச் சொன்னேன். கடவுளுக்குத் தூரம் ஏது என்றார். நல்ல பதில்தான். ஆனால் அந்த அம்மாவின் கேள்வி என்னை விடவில்லை. கொழும்புக்குத் திரும்பிய பிறகு அந்த ஆசீர்வாதத்தைப் பற்றித் தேடித்தேடி வாசித்தேன். ஏறக்குறைய அதே கேள்வியை 1500 வருடங்களுக்கு முன்பே யூத ரபிகள் கேட்டு விவாதித்திருக்கிறார்கள் என்று அப்போதுதான் தெரிந்தது. அதற்கு வருமுன் அவர்கள் கேட்ட வேறு சில கேள்விகளையும் சொல்ல வேண்டியிருக்கிறது. போரை அனுபவித்தவர்களுக்கு அவை அந்நியமாகத் தெரியாது என்று நினைக்கிறேன்.

அந்த ஆசீர்வாதம் பைபிளில் எண்ணாகமம் என்ற புத்தகத்தின் ஆறாம் அதிகாரத்தில் வருகிறது. மோசேயின் அண்ணன் ஆரோனும் அவருடைய பிள்ளைகளும், அதாவது ஆசாரியர்கள், மக்களை எப்படி ஆசீர்வதிக்க வேண்டும் என்று கடவுள் சொல்லிக்கொடுப்பதாக அமைந்த பகுதி. எபிரேய மூலத்தில் மொத்தம் 15 சொற்கள்தான். முதல் வரியில் 3, இரண்டாவதில் 5, மூன்றாவதில் 7. ஓடை கீழே இறங்க இறங்க அகலமாவதைப் போல. முதல் வரி நன்மையையும் காவலையும் கேட்கிறது. இரண்டாவது, கடவுளின் முகம் மக்கள்மேல் ஒளி வீசவும் இரக்கம் கிடைக்கவும் கேட்கிறது. மூன்றாவது, அந்த முகம் அவர்கள் பக்கமாக உயரவும் சமாதானம் உண்டாகவும் கேட்கிறது. மூன்று வரிகளிலும் 'நீங்கள்' இல்லை, 'நீ'தான். கூட்டத்தைப் பார்த்துச் சொல்லப்பட்டாலும் ஒவ்வொரு ஆளிடமும் தனித்தனியாகப் பேசும் ஆசீர்வாதம். தமிழ் மொழிபெயர்ப்பிலும் அந்த ஒருமை அப்படியே இருக்கிறது.

இந்த ஆசீர்வாதத்தோடு ஆராதனையை முடிக்கும் வழக்கத்தை 1520களில் மார்ட்டின் லூதர் கிறிஸ்தவ வழிபாட்டுக்குள் கொண்டுவந்தார். தரங்கம்பாடியில் தமிழ் அச்சு எழுத்துகளோடு போராடிய சீகன்பால்க் லூதரன் மரபுக்காரர். 1719இல் அவர் இறக்கும்போது பழைய ஏற்பாட்டில் ரூத் புத்தகம்வரை தமிழாக்கியிருந்தார். எண்ணாகமம் அதற்கு முன்னாலேயே வருவதால் அதுவும் அதில் அடக்கம். மலையகத்தில் 1850களில் தோட்டத்துரைமாரின் ஆதரவோடு ஆங்கிலிக்க மிஷனரிகள் வேலை தொடங்கினார்கள். அந்த மிஷனுக்கு அவர்கள் வைத்த பெயரே 'தமிழ்க் கூலி மிஷன்'. கத்தோலிக்கர்களும் இதே பகுதியைக் கேட்டிருப்பார்கள். ஒவ்வொரு ஜனவரி முதலாம் திகதியும் திருப்பலியில் முதல் வாசகமாக வருவது இதுதான்.

எவ்வளவு பழையது என்பதற்கும் சாட்சி உண்டு. 1979இல் ஜெருசலேமுக்கு வெளியே ஒரு கல்லறைக் குகையைத் தோண்டிய கப்ரியேல் பார்க்காய் என்ற தொல்லியலாளரின் குழுவுக்கு, விரல் நீளம்கூட இல்லாத இரண்டு வெள்ளிச் சுருள்கள் கிடைத்தன. உடையாமல் விரித்துப் பார்ப்பதற்கே சில வருடங்கள் பிடித்தன. உள்ளே இந்த ஆசீர்வாதத்தின் சொற்கள் கீறப்பட்டிருந்தன. வயது ஏறத்தாழ 2600 வருடங்கள். பைபிள் வரிகளைத் தாங்கி நமக்குக் கிடைத்தவற்றில் இவைதான் மிகப் பழையவை. யாரோ கழுத்தில் கட்டியிருந்த தாயத்துத் தகடுகள் அவை. காத்துக்கருப்பு அண்டாமல் பிள்ளைக்குத் தகடு கட்டிவிடும் எங்கள் அம்மம்மாக்களுக்கு இதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை. மாரியம்மன் திருவிழாவுக்கு மணிக்கட்டில் கட்டுவதைக் 'காப்பு' என்றுதானே சொல்கிறோம்.

இங்கே வாசகர்கள் சிலர் முகம் சுளிக்கலாம் என்று எனக்குத் தெரியும். காஸாவிலிருந்து வந்த படங்களைப் பார்த்த பிறகு யூத ஆசீர்வாதத்தைப் பற்றி எதற்குப் பேச்சு? எனக்கும் அந்தத் தயக்கம் இருந்தது. என் தாய்வழிக் குடும்பம் 1977 வன்முறைக்குப் பிறகு மலையகத்தை விட்டு வன்னிக்கு வந்தது. நான் வளர்ந்தது கிளிநொச்சிப் பக்கம். எனக்குத் தெரிந்த முதல் எபிரேயச் சொல் 'கிபிர்'. அது எபிரேயம் என்றோ, இளஞ்சிங்கம் என்று பொருள் என்றோ அப்போது தெரியாது. சத்தம் கேட்டால் பங்கருக்குள் ஓட வேண்டும் என்று மட்டும் தெரியும். இஸ்ரேலில் செய்த அந்த விமானங்களை இலங்கை விமானப்படை வாங்கியது 1996இல்.

ஆனால் இந்த விளக்கங்களை எழுதிய ரபிகளுக்கு நாடும் இல்லை, படையும் இல்லை. கி.பி. 70இல் ரோமப் படை அவர்களுடைய ஆலயத்தை எரித்தது. 132இல் தொடங்கிய கிளர்ச்சியும் மூன்று வருடங்களில் நசுக்கப்பட்டது. தோற்றுப்போன, சிதறிப்போன ஒரு சமூகத்தின் ஆசிரியர்கள் கையில் மிஞ்சிய சொற்களை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்த எழுத்து இது. நான் எபிரேயம் படித்தவள் அல்ல, ஆங்கிலத்தில்தான் வாசித்தேன். வாசிக்கும்போது எங்கள் முகாம்களில் இரவு நேரத்தில் பெரியவர்கள் பேசிக்கொண்ட தொனி பல இடங்களில் கேட்டது.

அவர்களுடைய முதல் சந்தேகம் மிக எளிமையானது. ஆசீர்வதிக்கட்டும் என்று சொன்ன பிறகு காக்கட்டும் என்று ஏன் தனியாகச் சொல்ல வேண்டும்? கடவுளே ஆசீர்வதித்தால் அதற்குள் காவல் அடங்காதா?

எண்ணாகமத்துக்கு எழுதப்பட்ட மிகப் பழைய ரபி விளக்க நூல் 'சிஃப்ரே'. ஆசீர்வாதம் என்றால் சொத்து, உடைமை என்று அது நேராகவே சொல்கிறது. ஆன்மிகமாக எதையும் சுற்றி வளைக்கவில்லை. வயிறு நிறைய வேண்டும், பெட்டியில் ஏதாவது இருக்க வேண்டும். காவல் என்பதற்கு மட்டும் பல கருத்துகள். உடைமைக்குக் காவல் என்கிறார் ஒருவர், உடலுக்குக் காவல் என்கிறார் இன்னொருவர். கெட்ட ஆவிகளிடமிருந்து காவல் என்றும், உள்ளே இருக்கும் கெட்ட எண்ணத்திடமிருந்து காவல் என்றும் கருத்துகள் உண்டு. எது சரி என்று அந்த நூல் தீர்ப்புச் சொல்வதில்லை, எல்லாவற்றையும் அருகருகே வைத்துவிட்டு நகர்கிறது. இந்தப் பழக்கம் எனக்குப் பிடித்திருக்கிறது.

பின்னாளில் எழுந்த மித்ராஷ் என்ற விளக்கக் கதைகளில் ஒன்று: ரோமாபுரியில் ஒரு அரசன். தூரத்தில் சிரியாவில் இருக்கும் தன் ஊழியனைக் கூப்பிட்டு நூறு இறாத்தல் பொன் கொடுக்கிறான். ஊழியன் மூட்டை கட்டிக்கொண்டு ஊருக்குப் புறப்படுகிறான். வழியில் கள்ளர்கள் எல்லாவற்றையும் பறித்துக்கொள்கிறார்கள். அரசன் கொடுத்தது உண்மை. ஆனால் வழி முழுக்க அவனால் கூட வர முடியுமா? மனிதன் கொடுப்பான், கொடுத்ததைக் காத்துத்தர அவனால் முடியாது. கொடுப்பவரும் காப்பவரும் ஒருவராகவே இருக்க வேண்டும் என்பதால்தான் இரண்டு சொற்கள் என்று கதை முடிகிறது.

11ஆம் நூற்றாண்டில் பிரான்சில் வாழ்ந்த ராஷி, யூதர்கள் இன்றும் பைபிளோடு சேர்த்தே படிக்கும் உரையாசிரியர். அவர் இந்தக் கதையைச் சுருக்கி, கள்ளர் கொண்டுபோன பரிசால் வாங்கியவனுக்கு என்ன பயன் என்ற கேள்வியாக மாற்றிவிடுகிறார். இளவயதில் அவர் ஜேர்மனியில் வோர்ம்ஸ் என்ற நகரில் படித்தவர். 1096இல் சிலுவைப் போருக்குக் கிளம்பிய கூட்டம் அந்த நகரத்து யூதர்களைக் கொன்று குவித்தபோது அவர் உயிரோடு இருந்தார்.

வோர்ம்ஸ் என்ற பெயர் மலையகத்துக்கும் வந்திருக்கிறது. 1840களில் புசல்லாவையில் கோப்பித் தோட்டம் நடத்திய மொரிஸ், கப்ரியேல் டி வோர்ம்ஸ் சகோதரர்கள் பிராங்பர்ட் யூதக் குடும்பத்தைச் சேர்ந்தவர்கள். அவர்களுடைய தாய் ரொத்சைல்ட் வீட்டுப் பெண். அதனால்தான் அந்தத் தோட்டத்துக்கு இன்றும் ரொத்சைல்ட் என்று பெயர். ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் தேயிலையை வணிகப் பயிராக்கியது 1867இல். அதற்கு இருபத்தைந்து வருடங்களுக்கு முன்னரே சீனாவிலிருந்து தேயிலைக் கன்று கொண்டுவந்து நட்டுப் பார்த்தவர் மொரிஸ். அந்தத் துரைமார் இந்த ஆசீர்வாதத்தைச் சொன்னார்களா என்பது நமக்கு முக்கியமல்ல. அவர்களுடைய மலையில் வேலை செய்தவர்களுக்கு ராஷியின் கேள்வி பொருந்துகிறது என்பதுதான் எனக்கு முக்கியம்.

ஏனென்றால் மலையக மக்களின் கதையே கொடுக்கப்பட்டதும் காக்கப்படாததும்தான். 1931இல் வந்த வாக்குரிமையைக் கொண்டு 1947 தேர்தலில் தங்கள் ஆட்களைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பினார்கள். அடுத்த வருடமே பிரஜாவுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்களாக்கியது. 1964 ஒக்டோபரில் சிறிமாவும் சாஸ்திரியும் 9,75,000 பேரைக் கணக்குப் பார்த்தார்கள். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்க்கலாம் என்று. 1977இலும் 1981இலும் 1983இலும் லயன்கள் எரிந்தபோது வடக்கே போனால் காவல் கிடைக்கும் என்று நம்பி வன்னிக்குப் போனவர்களை 2009 எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்பதை இந்தத் தளத்தின் வாசகர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

சின்ன அளவிலும் இதுவேதான். 2021இல் நாள் சம்பளம் 1000 ரூபாய் என்று வர்த்தமானி வந்தது. கொடுத்தாயிற்று. அதன்பிறகு பல தோட்டங்களில் எடுக்க வேண்டிய கிலோ கூடியது, குறைந்தால் அரைப்பேர்தான் விழுந்தது, வேலை நாளும் குறைந்தது என்று தொழிலாளர்கள் முறையிட்டார்கள். நூறு இறாத்தல் பொன்னும் வழிக்கள்ளரும் எனக்கு அங்கே ஞாபகம் வந்தார்கள்.

இரண்டாம் வரியை வேகமாகக் கடக்கிறேன். கடவுள் இரங்கட்டும் என்ற இடத்துக்கு, மற்ற மனிதர்களின் கண்ணில் உனக்கு மதிப்பைத் தரட்டும் என்றும் சிஃப்ரே பொருள் சொல்கிறது. தோட்டக்காட்டான் என்ற சொல்லைச் சிங்களவர்களிடமிருந்து அல்ல, வடக்கில் தமிழ் வாய்களிலிருந்தே கேட்டு வளர்ந்தவள் என்ற முறையில் அந்த விளக்கத்துக்கு அடியில் கோடு போட்டுக்கொண்டேன்.

மூன்றாம் வரிதான் ரபிகளைப் படாதபாடு படுத்தியது. 'முகத்தை உயர்த்துதல்' என்றால் எபிரேயத்தில் தயவு காட்டுதல், சலுகை தருதல். தமிழில் இதற்கு 'முகதாட்சண்யம்' என்று அச்சொட்டான சொல் இருக்கிறது. கொழுந்து நிறுக்கும் இடத்தில் ஆளின் முகத்தைப் பார்த்து ஈரத்துக்கும் சாக்குக்கும் கிலோ கழிப்பார்கள் என்று தொழிலாளர்கள் சொல்வதும் இதைத்தான். சிக்கல் என்னவென்றால், உபாகமம் என்ற இன்னொரு புத்தகம் கடவுள் முகதாட்சண்யம் பார்க்காதவர், இலஞ்சம் வாங்காதவர் என்று சொல்கிறது. அப்படியானால் இந்த ஆசீர்வாதம் கேட்பது எதை? ஜெபாலயத்தில் மற்ற வேத பாகங்களை வாசித்து மக்களுடைய மொழியில் பெயர்த்தும் சொன்ன காலத்தில், இதை வாசிக்கலாம், மொழிபெயர்க்கக் கூடாது என்று விதி இருந்தது. கடவுள் ஆள் பார்த்துச் சலுகை செய்கிறார் என்று பாமரர்கள் தவறாக எடுத்துக்கொள்வார்களோ என்ற பயம்.

தல்மூத்தில் இரண்டு பதில்கள் கிடைக்கின்றன. ஒன்றில் தேவதூதர்களே கடவுளிடம் இந்த முரண்பாட்டைக் கேட்கிறார்கள். கடவுள் சொல்கிறார்: வயிறார உண்டால் எனக்கு நன்றி சொல் என்றுதான் நான் எழுதினேன். இந்த மக்களோ ஒரு ஒலிவக்காய் அளவு, ஒரு முட்டை அளவு சாப்பாடு கிடைத்தாலும் நன்றி சொல்லுகிறார்கள். இவர்களுக்கு நான் முகம் கொடுக்காமல் எப்படி இருப்பேன்? ரொட்டித் துண்டோடும் சாயத்தண்ணியோடும் மலைக்குப் போகிறவர்கள் இருக்கும் இடத்தில் இந்தக் கதையை நின்று நிதானித்துத்தான் சொல்ல வேண்டும். நிவாரண வரிசையில் கஞ்சிக்கு நின்றவர்களுக்கும் அப்படித்தான்.

மற்றது இன்னும் கூர்மையானது. புலூரியா என்ற பெண், யூதராகப் பிறந்தவர் அல்ல, பின்னர் அந்த மதத்துக்கு வந்தவர், ரபான் கமாலியேல் என்ற தலைவரிடம் போய் இதே முரண்பாட்டைக் கேட்கிறார். யோசே என்ற ஆசாரியர் குறுக்கிட்டுப் பதிலாக ஒரு வழக்கைச் சொல்கிறார். ஒருவன் அயலவனுக்குக் கடன் கொடுக்கிறான். அரசனுடைய சபையில் தவணை குறிக்கிறார்கள். வாங்கியவன் அரசனின் உயிர்மேல் ஆணையிட்டுச் சொல்கிறான், தவணை வந்ததும் கொடுக்கவில்லை. ஆணையை மீறியதற்காக அரசனிடம் போய் மன்னிப்புக் கேட்கிறான். அரசன் சொல்கிறான்: எனக்கு நீ செய்த அவமரியாதையை நான் மன்னித்தேன், போய் உன் அயலவனைச் சமாதானப்படுத்து.

ஆகவே இரண்டு வசனங்களும் மோதவில்லை என்கிறார் யோசே. மனிதன் கடவுளுக்கு எதிராகச் செய்ததில் கடவுள் முகதாட்சண்யம் காட்டுவார். மனிதன் மனிதனுக்குச் செய்ததில் காட்டமாட்டார். அதை மன்னிக்கும் உரிமை பாதிக்கப்பட்டவனிடம்தான் இருக்கிறது. அதே பக்கத்தில் ரபி அக்கிபா பின்னர் வந்து, தீர்ப்புக்கு முன் சலுகை உண்டு, தீர்ப்புக்குப் பின் இல்லை என்று வேறு பதில் சொல்லிப் பேர் வாங்குகிறார். எனக்கு யோசேயின் பதில்தான் பெரிதாகப் படுகிறது.

மறப்போம், மன்னிப்போம் என்று எங்கள் ஊர் மேடைகளில் எத்தனை தடவை கேட்டிருக்கிறோம். அரசாங்கம் மன்னித்துவிட்டதாம், தெய்வம் மன்னித்துவிடுமாம். 2017 பெப்ரவரி 20 முதல் கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் படத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த அம்மாக்களிடம் வந்து யாரும் கணக்கைத் தீர்க்கவில்லை. சமாதானம் என்று இந்த ஆசீர்வாதம் முடியும் எபிரேயச் சொல் 'ஷலோம்'. அதே வேரிலிருந்துதான் கடனைத் திருப்பிச் செலுத்துவதற்கான சொல்லும் முழுமை என்பதற்கான சொல்லும் வருகின்றன. கொடுக்க வேண்டியதைக் கொடுத்து முடிக்காமல் அந்தச் சொல்லைச் சொல்வது அந்த மொழியிலேயே கொஞ்சம் கஷ்டம்.

ஆசீர்வதிக்கும் கைகளைப் பற்றியும் ரபிகள் கண்டிப்பாக இருந்தார்கள். ஆசாரியர்கள் மக்களுக்கு நேராகத் திரும்பி, கைகளை நீட்டி, விரல்களுக்கு நடுவே இடைவெளி விட்டு நிற்பார்கள். அந்த இடைவெளிகளின் வழியாகக் கடவுள் எட்டிப் பார்க்கிறார் என்பது ஒரு மித்ராஷ். அன்போடு ஆசீர்வதிக்கக் கட்டளை பெற்றோம் என்று முதலில் ஆசாரியர் சொல்ல வேண்டும், வெறுப்போடு அங்கே நிற்க முடியாது. மனிதனைக் கொன்ற ஆசாரியர் கையை உயர்த்தவே கூடாது என்று தல்மூத்தில் ரபி யோகனான் சொல்கிறார். அந்தக் கை இரத்தத்தில் நனைந்தது என்பதே காரணம். 16ஆம் நூற்றாண்டில் தொகுக்கப்பட்ட 'ஷூல்ஹான் அரூக்' என்ற யூதச் சட்டநூல், தெரியாமல் கொன்றாலும் அப்படித்தான், மனம் திருந்தினாலும் அப்படித்தான் என்கிறது. அதற்கு உரை எழுதிய போலந்து ரபி மோசே இஸ்ஸெர்லஸ் மட்டும், திருந்தியவனுக்குக் கதவை அடைக்கக் கூடாது என்று விட்டுக்கொடுக்கிறார். இந்த விவாதம் முடிந்துவிட்டதாக எனக்குத் தோன்றவில்லை. போருக்குப் போகும் படைக்கு நூல் கட்டி ஆசி கொடுத்த கைகளையும், எங்கள் பக்கத்தில் பிள்ளைகளைப் பிடித்து அனுப்பிவிட்டு வீரம் பேசிய வாய்களையும் பார்த்தவர்கள் நாங்கள்.

கடைசிச் சொல் ஏன் சமாதானம்? மிஷ்னா என்ற பழைய சட்டத் தொகுப்பின் ஆகக் கடைசிப் பந்தியில் ரபி ஷிமோன் பென் ஹலஃப்தா ஒரு காரணம் சொல்கிறார். ஆசீர்வாதத்தை ஏந்தக்கூடிய பாத்திரம் சமாதானம் ஒன்றுதான், வேறெதையும் கடவுள் காணவில்லை. எவ்வளவு ஊற்றினாலும் ஓட்டைப் பானையில் நிற்காது. 1983க்கு முன் கடை வைத்து, மாடு வாங்கி, நகை சேர்த்து வாழ்ந்த குடும்பங்கள் ஒரே இரவில் சாரத்தோடும் சேலையோடும் பஸ் ஏறியதை நினைத்தால் இது தத்துவமாகத் தெரியாது, வரவுசெலவுக் கணக்காகத் தெரியும். எந்தச் சமாதானம் என்பதையும் சிஃப்ரே விரித்துச் சொல்கிறது: உள்ளே வரும்போது, வெளியே போகும்போது, எல்லா மனிதரோடும், உன் வீட்டுக்குள்ளும். உள்ளே வரவும் வெளியே போகவும் என்ற இடத்தில் எனக்குச் சோதனைச்சாவடிகள்தான் ஞாபகத்துக்கு வந்தன.

ஆசீர்வாதத்துக்கு அடுத்த வசனத்தில், ஆசாரியர்கள் என் பெயரை மக்கள்மேல் இடட்டும், ஆசீர்வதிப்பது நான்தான் என்ற கருத்தில் கடவுள் பேசுகிறார். தங்கள் நன்மை ஆசாரியர் கையில் தொங்குகிறது என்று மக்கள் நினைத்துவிடக் கூடாது என்பதற்காகவே இது சேர்க்கப்பட்டது என்கிறது சிஃப்ரே. தோட்டத்தில் 'பேர்' என்றால் ஒரு நாள் கூலி. யார் பேர் போடுகிறார், யார் வெட்டுகிறார் என்பதில்தான் அன்றைய அடுப்பு எரிகிறது. கங்காணி, கணக்கப்பிள்ளை, தொழிற்சங்கத் தலைவர் என்று யார் யாரோ நடுவில் நின்று தங்கள் தயவால்தான் எல்லாம் நடக்கிறது என்று சொல்லிக்கொண்டிருக்கும் இடத்தில், நடுவில் நிற்பவன் கொடுப்பவன் அல்ல என்று ஒரு மத நூலே தன் குருமாரைப் பற்றிச் சொல்வது எனக்கு வியப்பாக இருந்தது.

இனி அந்த அம்மாவின் கேள்வி. தல்மூத்தில் சோத்தா என்ற பகுதியில் ஒரு விசித்திரமான நிலைமையைப் பேசுகிறார்கள். ஒரு ஜெபாலயத்தில் இருக்கும் எல்லோருமே ஆசாரியர்கள் என்று வையுங்கள். எல்லோரும் மேடை ஏறி ஆசீர்வாதம் சொல்கிறார்கள். கீழே கேட்க ஆளில்லை. யாரை ஆசீர்வதிக்கிறார்கள்? வயலில் நிற்கும் தங்கள் சகோதரர்களை என்கிறார் ரபி ஸெய்ரா.

உடனே மறுப்பு எழுகிறது. ஆசாரியர்களுக்குப் பின்னால் நிற்கிறவர்களே ஆசீர்வாதத்தில் சேரமாட்டார்கள் என்று ஏற்கெனவே ஒரு போதனை இருக்கிறதே. அத்தனை கிட்ட நிற்பவனுக்குச் சேராதது, எங்கோ வயலில் நிற்பவனுக்கு எப்படிச் சேரும்? பதில்: பின்னால் நிற்பவன் முன்னுக்கு வந்திருக்கலாம், வரவில்லை. வயலில் நிற்பவன் வர முடியாதவன். வேலை அவனைக் கட்டிப்போட்டிருக்கிறது. கட்டாயத்தால் வராதவனுக்கு ஆசீர்வாதம் முழுமையாகச் சேரும்.

அடுத்த மாதம் திரும்பவும் அந்தத் தோட்டத்துக்குப் போனேன். அம்மா பின்னேர நிறுவைக்கு வரிசையில் நின்றிருந்தார். கூடவே நின்று இதைச் சொன்னேன். கவனமாகக் கேட்டார். யூதர்கள், தல்மூத் என்பதெல்லாம் அவருக்குப் பெரிய விஷயமாகப் படவில்லை. வயலுக்கும் மலைக்கும் வித்தியாசம் உண்டா என்று கேட்டார். இல்லை என்றேன். "அப்ப லீவு நாள்ல சும்மா லயத்துல படுத்துக்கிட்டு வராம இருந்தா?"

"அப்போது சேராதாம் அம்மா."

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். "அப்ப எங்க வீட்டு ஆளுக்கு ஒண்ணும் சேராது" என்றார். அவருடைய முறை வந்தது. சாக்கைத் தூக்கித் தராசில் மாட்டிவிட்டு, முள் நிற்கும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.